புதைகுழி ஃபோர்ஸ்மார்க்கில், பெரிய பங்கு ஓஸ்கர்ஷம்னுக்கு: ஒரு சுவீடன் துறைமுக ஊரின் கதை

2025 ஜனவரியில் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில், அணு உலைகளில் எரித்து முடித்த எரிபொருளை நிரந்தரமாகப் புதைப்பதற்கான நிலத்தடிக் கிடங்கின் கட்டுமானம் தொடங்கியது. அந்தச் செய்திகளைப் படித்தவர்களுக்கு ஓஸ்கர்ஷம்ன் என்ற இன்னொரு ஊரின் பெயரும் கண்ணில் பட்டிருக்கும். நாட்டின் உலைகளில் எரித்து முடித்த எரிபொருளில் பெரும்பகுதி இப்போது அங்கேதான் இருக்கிறது என்கிறது ஒரு செய்தி. கிடங்குக்கான போட்டியில் அந்த ஊர் தோற்றது என்கிறது இன்னொன்று. அங்கே ஒரு புதிய ஆலை வரப்போகிறது என்கிறது மூன்றாவது. மூன்றும் சரிதான். அதைவிட வியப்பு, போட்டியில் தோற்ற ஊருக்கு வென்ற ஊரைப் போல மூன்று மடங்குப் பலன் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகிறது என்று புரிய, அணு உலையிலிருந்து தொடங்கினால் போதாது. துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஊரும் பெயரும்

ஓஸ்கர்ஷம்ன் சுவீடனின் தென்கிழக்குக் கரையில், பால்டிக் கடலோரம் இருக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஊருக்குள் வசிப்பவர்கள் 20,000 பேர்கூட இல்லை. சுற்று வட்டாரத்தையும் சேர்த்த நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 27,000. கோட்லாந்து தீவின் விஸ்பி நகருக்குக் கப்பல் ஏறுபவர்கள் பலருக்கு இந்த ஊர் வழியில் வரும் ஒரு படகுத்துறை மட்டும்தான்.

பழைய பெயர் டோடர்ஹல்ட்ஸ்விக். 1646-இல் அதற்குச் சந்தையூர் என்ற தகுதி கிடைத்தது. ஆனால் அது தெற்கே இருந்த பெரிய நகரமான கால்மாருக்கு உட்பட்ட தகுதி. தனி நகரமாக இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1856 மே 1 அன்று நகர உரிமை வந்தபோது, அப்போதைய அரசர் முதலாம் ஆஸ்கரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சுவீடிஷ் மொழியில் 'ஹம்ன்' என்றால் துறைமுகம்; ஆஸ்கரின் துறைமுகம், அவ்வளவுதான்.

பெயர் மாறியதற்கு அப்புறம் ஊர் வேகம் பிடித்தது. 1863-இல் கப்பல் கட்டும் தளம் வந்தது. 1874-இல் உள்நாட்டு நகரமான நெஷோவிலிருந்து ரயில் பாதை கடல்வரை எட்டியது. ஸ்மோலந்து என்ற அந்தப் பகுதி காடும் பாறையும் மெலிந்த மண்ணும் கொண்டது. பயிர் பொய்த்த ஆண்டுகளில் அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். மரம் மட்டும் குறையவில்லை. அது துறைமுகம் வழியாக வெளியே போனது. இதே வட்டாரத்தில் பிறந்த மரச்சிற்பி ஆக்செல் பெட்டர்சன் (1868-1925) செதுக்கிய கரடுமுரடான விவசாயிகளின் உருவங்களை இன்றும் ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த முகங்களில் வளமான ஊரின் சாயல் கொஞ்சமும் கிடையாது.

துறைமுகத்தின் மேலே 1867-இல் போட்ட 72 மீட்டர் நீளமுள்ள ஒரு மர இருக்கை இருக்கிறது. 'நீள சோபா' என்பது அதன் பெயர். உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்ப்பதற்கென்றே 72 மீட்டர் மரம் செலவழித்த ஊர் இது. கடலைப் பார்த்தே வாழ்ந்தவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

செம்பும் சேறும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் தளத்தோடு உலோகத் தொழில்கள் சேர்ந்தன. அவற்றில் முக்கியமானது செம்பு ஆலை. 1910-களின் இறுதியில் தொடங்கி 1960-களின் இறுதிவரை, அரை நூற்றாண்டு, துறைமுகத்தை ஒட்டியே அது இயங்கியது. தொழில் நடந்த காலத்தில் அது வேலையும் கூலியும் கொடுத்தது. மூடிய பிறகு அது விட்டுப்போனது துறைமுகத்தின் அடியில் இருந்தது: செம்பு, ஆர்செனிக், காட்மியம், ஈயம், கூடவே டையாக்சின்கள் என்ற நச்சுப்பொருள்களும் கலந்த சேறு.

சேறு அடியில்தானே கிடக்கிறது, கிடக்கட்டுமே என்று தோன்றலாம். பிரச்சினை அது கிடக்காததுதான். பெரிய படகுகள் துறைக்குள் திரும்பும்போது அவற்றின் சுழல்விசிறி அடிச்சேற்றைக் கிளப்பும். கிளம்பிய சேறு நீரோட்டத்தோடு வெளியேறும். பால்டிக் ஏறக்குறைய மூடிய கடல். புதுத் தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே வரும். ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் கழித்தும் ஓஸ்கர்ஷம்ன் துறைமுகம் பால்டிக்குக்கு உலோகங்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2016-இல் பெரிய அளவில் தூர்வாரத் தொடங்கினார்கள். அள்ளிய சேற்றைக் கடலில் வேறிடத்தில் கொட்டாமல், கரையில் அதற்கெனக் கட்டிய கிடங்கில் அடைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு தொழில் தன் மிச்சத்தை யார் பொறுப்பில் விட்டுப்போகிறது, அதை அப்புறப்படுத்தும் செலவை எந்தத் தலைமுறை ஏற்கிறது என்ற கேள்வியை இந்த ஊர் அணுக்கழிவிடமிருந்து கற்கவில்லை. துறைமுகச் சேற்றிலேயே அது இருந்தது. செம்பு ஆலை இயங்கிய நாளில் பின்னால் சுத்தம் செய்வதற்கென்று யாரும் காசு ஒதுக்கவில்லை. அணுமின் விஷயத்தில் சுவீடன் வேறு வழி எடுத்தது. அதற்குக் கீழே வருவோம்.

மற்ற தொழில்கள், சுருக்கமாக

கப்பல் கட்டுமானத்தில் சுவீடன் ஒரு காலத்தில் ஜப்பானுக்கு அடுத்த இடத்தில் இருந்த நாடு. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்தத் தொழில் நாடு முழுக்கச் சரிந்தது. ஓஸ்கர்ஷம்ன் தளமும் சுருங்கியது. ஆனால் ஊர் படுத்துவிடவில்லை, காரணம் வேறு ஆலைகள் இருந்தன.

1. லாரி. இங்கே இருந்த ஒரு வண்டிக்கூடு ஆலையை 1960-களில் ஸ்கானியா வாங்கியது. ஐரோப்பாவில் தயாராகும் ஸ்கானியா லாரிகளின் ஓட்டுநர் கேபின்கள் இங்கிருந்துதான் போகின்றன. ஊரில் அதிகம் பேருக்கு வேலை தருவது அணுமின் நிலையம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். முதலிடத்தில் இருப்பது கேபின் ஆலை.

2. பேட்டரி. நிக்கல்-காட்மியம் பேட்டரியை 1899-இல் கண்டுபிடித்தவர் சுவீடன்காரரான வால்டெமார் யுங்னர். அவர் வழிவந்த பேட்டரித் தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. இப்போது பிரெஞ்சு நிறுவனமான சாஃப்ட் இங்கே தொழிற்சாலைகளுக்கான பேட்டரிகளைத் தயாரிக்கிறது.

3. மெழுகுவர்த்தி. ஸ்டாக்ஹோமில் இருந்த லில்யேஹோல்மென் மெழுகுவர்த்தி ஆலை 1970-இல் இங்கே இடம்பெயர்ந்தது.

இரும்பு, உலோகம், வெல்டிங், துறைமுகம் ஆகியவற்றில் பழகிய கைகள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்தன. அடுத்து வந்த தொழிலுக்கு அது தேவைப்பட்டது.

சிம்பெவார்ப்: உலைகள் கடலோரம் வந்தது ஏன்

ஊருக்கு வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனை சிம்பெவார்ப். 1965-இல் சில தனியார் மின் நிறுவனங்கள் சேர்ந்து ஓ.கே.ஜி. என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 1972 பிப்ரவரியில் அவர்களுடைய முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது. சுவீடனின் முதல் வணிக அணுமின் உலை இதுதான். அமெரிக்க உரிமம் வாங்காமல் அசேயா என்ற சுவீடன் நிறுவனம் தானே வடிவமைத்த உலை என்பது அந்நாளில் பெருமையாகப் பேசப்பட்டது. இரண்டாவது உலை 1970-களின் நடுவிலும், மூன்றாவது 1985-இலும் வந்தன. இப்போது சுமார் 1,400 மெகாவாட் திறனுள்ள மூன்றாவது உலை, கொதிநீர் வகை உலைகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

உலையின் வெப்பத்தில் ஒரு பகுதிதான் மின்சாரமாகும். மீதி வெப்பத்தைக் கொண்டுபோகக் கணக்கில்லாத தண்ணீர் வேண்டும். அதனால்தான் சுவீடனின் அணுமின் நிலையங்கள் எல்லாமே கடற்கரையில் இருக்கின்றன. கடலை நம்பினால் கடலின் குணத்தையும் சகித்துக்கொள்ள வேண்டும். 2013 செப்டம்பர் 29 அன்று ஜெல்லிமீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து குளிர்நீர்க் குழாய்களின் வாயை அடைத்துவிட்டன. 1,400 மெகாவாட் உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. பெரிய விபத்துகளுக்கெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்த நிலையம் இரண்டு நாள் ஜெல்லிமீனுக்காகச் சும்மா இருந்தது.

மூன்றில் இரண்டு இப்போது இல்லை. மேம்படுத்துவதற்காக 2013-இல் நிறுத்திய இரண்டாவது உலையை மறுபடி இயக்குவதில்லை என்று 2015-இல் உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். முதல் உலை 2017 ஜூனில் நின்றது. மின்சார விலை சரிந்திருந்தது, உலைத் திறன்மீது வரி இருந்தது, பாதுகாப்பு மேம்பாட்டுக்குப் பெருந்தொகை தேவைப்பட்டது. கணக்கு கட்டுப்படியாகவில்லை.

சில சொற்கள்

மேலே போவதற்கு முன் நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். செய்திகளில் நடக்கும் குழப்பத்தில் பாதி இவற்றால் வருகிறது.

1. தீர்ந்த எரிபொருள்: யுரேனியம் ஆக்சைடு வில்லைகளை உலோகக் குழாய்களில் அடுக்கி, குழாய்களைக் கட்டாகக் கட்டி உலையில் வைப்பார்கள். சில ஆண்டுகளில் அதன் பயன் தீர்ந்துவிடும். வெளியே எடுக்கும்போது அது பீங்கான் போன்ற திடப்பொருள். படங்களில் காட்டுவது போலப் பச்சைத் திரவமாக வழியாது. ஆனால் கடும் கதிர்வீச்சும் சூடும் இருக்கும்.

2. இடைக்காலக் கிடங்கு: அந்தச் சூடும் கதிர்வீச்சும் குறையும்வரை சில பத்தாண்டுகள் வைத்திருக்கும் இடம். பெயரிலேயே இருக்கிறது, இது இடைக்கால ஏற்பாடு.

3. உறையிடும் ஆலை: ஆறிய எரிபொருளைக் கலன்களில் வைத்து மூடி முத்திரையிடும் இடம்.

4. இறுதிக் கிடங்கு: மூடிய கலன்களைப் பாறைக்குள் ஆழத்தில் வைத்து, சுரங்கத்தையும் அடைத்துவிட்டு வெளியேறும் இடம். திரும்ப எடுப்பது நோக்கமில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஓஸ்கர்ஷம்னுக்கு. நான்காவது ஃபோர்ஸ்மார்க்குக்கு.

கிளாப்: குளத்துக்கு அடியில் நாற்பது ஆண்டு

சிம்பெவார்ப்பில் உலைகளுக்குப் பக்கத்திலேயே 1985-இல் திறந்த இடைக்காலக் கிடங்குக்குக் கிளாப் என்று பெயர். தரையிலிருந்து சுமார் 30 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்த இரண்டு கூடங்கள், அவற்றுக்குள் நீர்த் தொட்டிகள், தொட்டிகளின் அடியில் எரிபொருள் கட்டுகள். கட்டுகளுக்கு மேலே சுமார் 8 மீட்டர் தண்ணீர் நிற்கும். தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது: சூட்டை வாங்கிக்கொள்கிறது, கதிர்வீச்சைத் தடுக்கிறது.

சுவீடனின் மற்ற அணுமின் நிலையங்களிலிருந்தும் தீர்ந்த எரிபொருள் இங்கேதான் வருகிறது; அதுவும் கப்பலில். நிலையங்கள் எல்லாம் கடலோரம் என்பதால் சாலையில் ஊர் ஊராகக் கொண்டுபோகும் தொல்லை கிடையாது. முதலில் சிகின் என்ற கப்பலும், பிறகு சிக்ரிட் என்ற கப்பலும் இதற்கென்றே கட்டப்பட்டன. அனுப்பும் பொறுப்பும் வைத்துக்கொள்ளும் பொறுப்பும் எஸ்.கே.பி. என்ற நிறுவனத்துடையவை. அணுமின் நிறுவனங்களே கூட்டாகச் சேர்ந்து அதை நடத்துகின்றன.

காசு எங்கிருந்து? அணுமின்சாரம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிறுவனங்கள் ஒரு கட்டணத்தை அணுக்கழிவு நிதியில் செலுத்த வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. செம்பு ஆலைக்கு இல்லாதது இதுதான். மின்சாரம் வாங்கும் நாளிலேயே குப்பைக்கான காசும் கட்டப்பட்டுவிடுகிறது.

யாருக்கும் வேண்டாத கிடங்கு

1977-இல் சுவீடன் ஒரு சட்டம் போட்டது. கழிவை முழுப் பாதுகாப்போடு எங்கே, எப்படி வைப்போம் என்று காட்டாமல் புதிய உலையில் எரிபொருள் ஏற்ற முடியாது என்பதே அதன் சாரம். மின் நிறுவனங்கள் அவசர அவசரமாக ஒரு திட்டம் தயாரித்தன. அது திருத்தப்பட்டு 1983-இல் கே.பி.எஸ்-3 என்ற வடிவத்துக்கு வந்தது: கழிவைச் செம்புக் கலனில் அடைத்து, களிமண் சூழப் பாறை ஆழத்தில் வைக்கும் முறை. இன்று கட்டிக்கொண்டிருப்பது அடிப்படையில் அந்த வடிவம்தான்.

முறை தயாரானாலும் இடம் கிடைக்கவில்லை. சோதனைத் துளை போட வந்த இயந்திரங்களை ஊர்மக்கள் மறித்தார்கள். மேற்குக் கரையில் ஷின்னேஃபியெல் என்ற மலைக்காட்டில் 1980 முதல் 2000 வரை, இருபது ஆண்டு, ஒரு குடிசை போட்டு இரவும் பகலும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். வடக்கே ஸ்டூருமான், மாலோ என்ற இரண்டு சிறு நகராட்சிகள் 1995-இலும் 1997-இலும் வாக்கெடுப்பு நடத்தி வேண்டாம் என்றன.

அதற்குப் பிறகு எஸ்.கே.பி. புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. சூழ்ச்சி என்றும் சிலர் சொல்வார்கள். அணுத் தொழில் ஏற்கெனவே பழக்கமான ஊர்ப் பக்கம் பார்வையைத் திருப்பியது. 2002 முதல் இரண்டு இடங்களில் முழு ஆய்வு நடந்தது: ஃபோர்ஸ்மார்க்கிலும், ஓஸ்கர்ஷம்ன் அருகே லாக்செமாரிலும். அதாவது இடத்தை முதலில் தேர்ந்தெடுத்தது பாறை இல்லை, சம்மதம். சம்மதித்த இரண்டில் எது நல்லது என்பதைத்தான் பாறையிடம் கேட்டார்கள். உலகில் இதைவிட நல்ல பாறை வேறெங்காவது இருந்திருக்கலாம் என்ற விமர்சனத்துக்கு இன்றுவரை முழுமையான பதில் இல்லை.

ஓஸ்கர்ஷம்னில் அதற்கு முன்பே 1990 முதல் 1995 வரை ஏஸ்பொ தீவுக்கு அடியில் ஓர் ஆய்வுச் சுரங்கம் தோண்டியிருந்தார்கள். 460 மீட்டர் ஆழம். உண்மையான கழிவு ஒரு துண்டும் அங்கே போனதில்லை. கலனை இறக்குவது, களிமண் நனைந்து உப்புவது, பாறை வெடிப்புகளில் நீர் நகர்வது என எல்லாவற்றையும் முழு அளவில் ஒத்திகை பார்ப்பதற்காகத் தோண்டிய இடம்.

2009 ஜூன் 3 அன்று முடிவு வந்தது: ஃபோர்ஸ்மார்க். அங்கே கிடங்கு அமையும் ஆழத்தில் பாறையில் வெடிப்புகள் குறைவு, அதனால் நீர் ஊடுருவுவதும் குறைவு. லாக்செமார் பாறையும் கெட்டிதான், ஆனால் ஈரம் அதிகம். கழிவைப் பொறுத்தவரை நீர்தான் எதிரி. அரிப்பதும் நீர், கரைத்துக் கொண்டுபோவதும் நீர்.

சரி, ஊர் ஏன் சம்மதித்தது?

'காசு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். காசு உண்டு, ஆனால் வரிசை முக்கியம். 1990-களிலேயே ஓஸ்கர்ஷம்ன் நகராட்சி தனக்கென ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் இதை 'ஓஸ்கர்ஷம்ன் முறை' என்று குறிப்பிடுகிறார்கள். அதன் சாரம்:

1. எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டும். முடிவெடுப்பதற்கு முன்பே கேள்வி கேட்க இடம் வேண்டும்.

2. பொதுமக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் தடை இல்லை, துணை. எதிர்ப்பவர் கேட்கும் கேள்விதான் நகராட்சிக்கு உதவும் கேள்வி.

3. அரசின் கண்காணிப்பு அமைப்புகள் நகராட்சிக்கு நிபுணர்களாக இருக்க வேண்டும்.

4. எஸ்.கே.பி.யிடம் தெளிவான பதில் வரும்வரை விடாமல் இழுக்க வேண்டும்.

இதற்கான செலவு அணுக்கழிவு நிதியிலிருந்தே வந்தது. அதாவது நிறுவனம் கட்டிய காசிலேயே நிறுவனத்தைக் கேள்வி கேட்க நகராட்சி தனக்கு வேண்டிய ஆலோசகர்களை வைத்துக்கொண்டது. கூடவே சுவீடன் சட்டம் நகராட்சிக்கு மறுக்கும் உரிமையைத் தருகிறது. மிக அரிதான சூழலில் அரசு அதை மீற முடியும், ஆனால் மீறுவது எளிதில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை கையில் இருப்பவர்தான் நிதானமாகச் சரி சொல்ல முடியும். ஷின்னேஃபியெல் மக்களுக்குக் கிடைத்தது துளைபோடும் இயந்திரம். ஓஸ்கர்ஷம்ன் மக்களுக்குக் கிடைத்தது மேசையில் ஒரு நாற்காலி.

அடுத்து காசு. இடம் எது என்று அறிவிப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009-இல், இரண்டு நகராட்சிகளும் எஸ்.கே.பி.யும் உரிமையாளர் நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 150 கோடி முதல் 200 கோடி குரோனர் (சுவீடன் நாணயம்) மதிப்புள்ள பலன்கள் இரண்டு ஊர்களுக்கும்: சாலை, பயிற்சி, தொழில் வளர்ச்சி என்ற வகையில். அதில் கிடங்கு கிடைக்கும் ஊருக்கு 25 சதவீதம், கிடைக்காத ஊருக்கு 75 சதவீதம்.

தலைகீழாகத் தோன்றினாலும் கணக்கு நேரானது. கிடங்கு வரும் ஊருக்குக் கட்டுமானமும் வேலையும் பல பத்தாண்டுகளுக்குத் தானாக வரும். வராத ஊர் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். இன்னொரு பலனும் உண்டு: தோல்விக்கு ஈடு இருக்கிறது என்பதால், எங்கள் பாறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் முரண்டு பிடிக்க வேண்டிய தேவையில்லை. ஓஸ்கர்ஷம்ன் இப்படித்தான் தோற்றுப் பெரிய பங்கை வாங்கியது.

இருந்தாலும் இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. உலை, கிடங்கு, ஆய்வுச் சுரங்கம், ஆலை எல்லாம் ஒரே தொழிலைச் சேர்ந்தவை. அந்தத் தொழிலை நம்பி இத்தனை குடும்பங்கள் இருக்கும் ஊர் அதை எந்த அளவுக்குச் சுதந்திரமாகச் சோதிக்க முடியும்? நல்ல நடைமுறை இந்தச் சந்தேகத்தைக் குறைக்கிறது, போக்கிவிடவில்லை.

செம்புக் கலன்

கே.பி.எஸ்-3 முறையில் மூன்று தடுப்புகள்: கலன், களிமண், பாறை. கலனின் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். அது பாறையின் அழுத்தத்தைத் தாங்கும். வெளியே 5 சென்டிமீட்டர் தடிமனான செம்பு. அது அரிப்பைத் தாங்கும். நீளம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, குறுக்களவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், நிரப்பிய பிறகு எடை சுமார் 25 டன். கொதிநீர் உலையின் எரிபொருள் கட்டு என்றால் ஒரு கலனில் 12 பிடிக்கும். சுமார் 12,000 டன் எரிபொருளுக்கு ஏறத்தாழ 6,000 கலன்கள் வேண்டும். அவற்றை 500 மீட்டர் ஆழத்தில், நனைந்தால் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண்ணுக்கு நடுவே வைப்பார்கள். குறிவைக்கும் காலம் ஒரு லட்சம் ஆண்டுகள்.

இந்தக் கலனின் மூடியை எப்படி வெல்டிங் செய்வது என்பதை ஓஸ்கர்ஷம்னில்தான் கண்டுபிடித்தார்கள். 5 சென்டிமீட்டர் செம்பை உருக்கி ஒட்டுவது கடினம். சூடு போட்ட வேகத்தில் செம்பு அதை வாங்கிப் பரப்பிவிடும். ஆகவே உருக்காமல், சுழலும் கருவியின் உராய்வால் செம்பை இளக்கிப் பிசைந்து இணைக்கும் உராய்வு வெல்டிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். 1998-இல் தொடங்கிய அந்த ஆய்வுக்கூடம் துறைமுகத்தில், பழைய கப்பல் தளத்தின் வெல்டிங் கூடத்தில் அமைந்தது. கப்பல் தகடுகளை ஒட்டிய கூரையின் கீழ் கழிவுக் கலன்களை ஒட்டிப் பார்த்தார்கள்.

செம்பு போதுமா என்பதில்தான் பெரிய சண்டை. ஆக்சிஜன் இல்லாத நீரில் செம்பு அரிக்காது என்பது எஸ்.கே.பி.யின் வாதத்துக்கு அடிப்படை. ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சில ஆய்வாளர்கள், அரிக்கும் என்று தங்கள் சோதனைகள் காட்டுவதாகச் சொன்னார்கள். 2018 ஜனவரியில் ஒரே நாளில் இரண்டு கருத்துகள் அரசுக்குப் போயின. கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கலாம் என்றது. நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், கலன் நீண்ட காலம் தாங்கும் என்பதற்கு மேலும் சான்று வேண்டும் என்றது. எஸ்.கே.பி. கூடுதல் ஆவணங்களைக் கொடுத்தது. 2022 ஜனவரி 27 அன்று அரசு அனுமதி அளித்தது. 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் சுற்றுச்சூழல் உரிமத்தை வழங்கியது.

இனி என்ன நடக்கும்

1. கிளாப்புக்குப் பக்கத்திலேயே உறையிடும் ஆலை எழும்பும். இரண்டும் இணைந்த வளாகத்துக்குக் கிளிங்க் என்று பெயர். ஓஸ்கர்ஷம்ன் நகராட்சி மன்றம் 2018-இல் இதற்குச் சம்மதம் தந்தது. மூடிய கலன்கள் இங்கிருந்து கப்பலில் ஃபோர்ஸ்மார்க்குக்குப் போகும். முதல் கலன் 2030-களில் இறங்கும் என்பது திட்டம். கடைசிக் கலன்வரை எல்லாம் முடியப் பல பத்தாண்டுகள் ஆகும்.

2. அதுவரை கிளாப் தாங்க வேண்டும். 2021 வரை அதன் உரிமம் 8,000 டன்னுக்கு. அந்த அளவு நிரம்பிக்கொண்டிருந்ததால், தீர்ந்த எரிபொருளை அனுப்ப இடமில்லாமல் உலைகளையே நிறுத்த நேரும் என்று மின் நிறுவனங்கள் எச்சரித்தன. 2021 ஆகஸ்டில் அரசு இந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, வரம்பை 11,000 டன்னாக உயர்த்தியது. 

3. சிம்பெவார்ப்பில் ஒரே உலைதான் ஓடுகிறது. 60 ஆண்டு இயக்கும் கணக்கின்படி அது 2045 வரை. நின்ற இரண்டையும் கழற்றும் வேலை நடக்கிறது. ஆக, உலை நின்ற பிறகும் ஊரில் அணுத் தொழில் இருக்கும், மின்சாரம் எடுப்பதற்குப் பதிலாக மிச்சத்தை மூடிக் கட்டும் வேலையாக.

4. 2023-இல் சுவீடன் தன் மின்சார இலக்கை 'நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்கது' என்பதிலிருந்து 'நூறு சதவீதம் புதைபடிவ எரிபொருள் இல்லாதது' என்று மாற்றியது. புதிய உலைகளுக்குக் கதவு திறந்தது. ஆனால் ஃபோர்ஸ்மார்க் கிடங்கின் உரிமமும் 6,000 கலன்களின் கணக்கும் ஏற்கெனவே கட்டிய 12 உலைகளின் எரிபொருளுக்கு மட்டும். புதிய உலை ஒன்று வந்தாலும் அதன் கழிவுக்கு அந்த உரிமத்தில் இடமில்லை. அதற்கு வேறு மனு, வேறு ஆய்வு, மறுக்கும் உரிமையோடு இன்னொரு நகராட்சி மன்றம்.